காந்தம் என்னும் முட்டுக்கட்டை

(ராஜபாளையத்தில் பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ் நூல்களில் நாம் பார்க்கிற மிகப் பழைய பொம்மை வண்டிகளில் ஒன்றுக்கு மூன்று சக்கரம். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில் அது வருகிறது. முற்றத்தில் தானியம் காய்கிறது. கொத்த வந்த கோழியை விரட்டக் காவலிருக்கும் பெண் தன் காதில் கிடந்த கனத்த குழையைக் கழற்றி வீசுகிறாள். அது போய் விழுந்து, குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டிக்கொண்டு வரும் சிறுவனின் வழியை மறிக்கிறது. சோழநாட்டின் செல்வத்தைச் சொல்ல வந்த இடம் இது என்பார்கள் தமிழாசிரியர்கள். சரிதான். பொம்மை செய்கிறவர்களுக்கு இதில் இன்னொன்றும் கண்ணில் படும். அந்தத் தேரை எது ஓட்டியது என்பதில் புலவருக்கு அக்கறை இல்லை. குதிரை இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அதை எது தடுத்தது என்பதில்தான் அவருக்குச் சுவை.

எனக்கும் அப்படித்தான். பொம்மை வண்டிகளில் காந்தத்தைப் பயன்படுத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். காந்தம் என்றதும் வண்டியை ஓட்டுகிற காந்தம்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். பேட்டரி இல்லாமல், சாவி கொடுக்காமல், தானே ஓடும் கார். என் கட்சி வேறு. ஓட்டுகிற வேலையில் காந்தத்துக்குத் துணையாள் வேண்டும். பிடிப்பது, இணைப்பது, மறிப்பது ஆகியவற்றில் அது தனியாளாகவே கெட்டிக்கார வேலை செய்யும். பொம்மை செய்ய நினைக்கும் பிள்ளைகளும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேருக்கு வடம் பிடிக்க ஆள் பஞ்சம் உண்டா? ஆயிரக்கணக்கானோர் கை வைக்கிறார்கள். ஆனால் ரத வீதியின் முக்கில் தேர் திரும்ப வேண்டிய நேரத்தில் எல்லோர் கண்ணும் சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையோடு குனிந்து நிற்கிறவர்கள் மேல்தான் இருக்கும். எந்தச் சக்கரத்துக்கு எந்தக் கோணத்தில் கட்டை கொடுப்பது, எப்போது உருவுவது என்பதெல்லாம் அவர்கள் கணக்கு. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும் அந்தக் கணக்கு தீர்ந்துவிடவில்லை.

அதே ஊர்ப் பெரியாழ்வாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். கண்ணனின் குழந்தைப் பருவத்தை அவர் பாடிய முறையிலிருந்துதான் பிள்ளைத்தமிழ் என்ற வகை தழைத்தது என்பார்கள். பிற்காலத்து ஆண்பால் பிள்ளைத்தமிழில் கடைசிப் பருவம் சிறுதேர் உருட்டல். ஆனால் பெரியாழ்வாரின் கண்ணன் சகடத்தை உருட்டியவன் அல்லன், உதைத்து நொறுக்கியவன். புதுப் பொம்மை வீட்டுக்கு வந்த மறுநாள் என்ன கதியில் கிடக்கிறது என்று இங்குள்ள தாய்மார்களுக்குத் தெரியும். உருட்டும் கைக்கு மட்டும் வண்டி செய்தால் போதாது; உதைக்கும் காலுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

சரி, ஓட்டுகிற காந்தத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

அறிவியல் கண்காட்சிக்கு யோசனை கேட்டால் பிள்ளைகள் பலர் வரைந்து தரும் படம் ஒன்றுதான். காருக்கு முன்னால் ஒரு கம்பி நீட்டியிருக்கும். கம்பி நுனியில் காந்தம் தொங்கும். காரின் மூக்கில் ஓர் இரும்புத் தகடு இருக்கும். காந்தம் தகட்டை இழுக்கும், கார் முன்னே போகும், காந்தமும் கூடவே போகும், மறுபடி இழுக்கும். பெட்ரோல் செலவு மிச்சம்! இந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. படித்த பெரியவர்களே இதை யூடியூபில் பார்த்துவிட்டு எனக்கு அனுப்புகிறார்கள். இது ஏன் ஓடாது? தேரின் மேல் தட்டில் நின்றுகொண்டு வடத்தை இழுத்தால் தேர் நகருமா? அவ்வளவுதான். காந்தம் தகட்டை முன்னால் இழுக்கிறது. தகடு அதே அளவுக்குக் காந்தத்தைப் பின்னால் இழுக்கிறது. இரண்டும் ஒரே வண்டியில் இருப்பதால் கணக்கு பூஜ்யம். வீடியோவில் ஓடுகிறதே என்றால், கேமராவுக்கு எட்டாத இடத்தில் நூல் இருக்கும், அல்லது தரை சாய்ந்திருக்கும்.

வண்டிக்கு வெளியே, பாதையில் காந்தத்தை வைத்தால்? இழுக்கும், சந்தேகமில்லை. ஆனால் காந்தத்துக்கு நேராக வந்ததும் கார் நின்றுவிடும். தாண்டினால் அதே காந்தம் பின்னால் இழுக்கும். கொடுத்ததை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ளும். தாண்டும் அந்த நொடியில் காந்தத்தை யாராவது அணைக்க வேண்டும், அல்லது துருவத்தை மாற்ற வேண்டும். நான் சொன்ன துணையாள் அவர்தான். பேட்டரி காருக்குள் இருக்கும் மோட்டாரில் அவர் இருக்கிறார்.

உடைந்த கார் ஒன்றிலிருந்து மோட்டாரைக் கழற்றிப் பாருங்கள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பின்பக்கத் தகரக் காதுகளை நிமிர்த்தினால் மூடி வந்துவிடும். உள்ளே சுவரோடு ஒட்டியபடி வளைந்த இரண்டு கறுப்புத் துண்டுகள். அவை ஃபெரைட் காந்தங்கள். நடுவே செம்புக் கம்பி சுற்றிய மூன்று கைகள். அச்சின் நுனியில் மூன்று துண்டுகளாகப் பிளந்த செம்பு வளையம். அதைத் தொட்டபடி மெல்லிய இரண்டு தகட்டு நாக்குகள். கை ஒவ்வொன்றும் காந்தத்துக்கு நேரே வரும் கணத்தில், அந்தப் பிளந்த வளையம் மின்னோட்டத்தின் திசையை மாற்றிவிடுகிறது. இழுத்த காந்தம் அடுத்த கணம் தள்ளுகிறது. ஓட்டுவதற்கான ஆற்றல் பேட்டரியில் இருந்து வருகிறது. காந்தம் சுவரோடு சாய்ந்து நிற்கிறது, ஆற்றலில் அதன் பங்கு ஒன்றுமில்லை.

கை ஏன் மூன்று, இரண்டு போதாதா என்று ஒரு தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டு கை மட்டும் இருந்து, நின்ற நிலையில் இரண்டும் நேரே காந்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், சுவிட்சைப் போட்டாலும் மோட்டார் சுற்றாது. விரலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். மூன்று கை இருந்தால், எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு கை காந்தத்துக்கு நேர்கோட்டில் இல்லாமல் தப்பியிருக்கும். சுவிட்ச் போட்டதும் அது பிடித்துக்கொள்ளும். இந்த மூன்று கை மோட்டாரைப் பொம்மைக்கென்றே கோடிக்கணக்கில் செய்து பெரிதானது 1954இல் தொடங்கிய ஜப்பானின் மபுச்சி நிறுவனம். அதற்கு வழி திறந்தது ஃபெரைட். 1930இல் டோக்கியோவில் யோகோரோ கத்தோவும் டாகேஷி டாகேயும் ஃபெரைட்டைக் கண்டறிந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனம் பேரியம் கலந்த மலிவான நிலைக்காந்தமாக அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிப்படையில் அது இரும்புத் துருவை மாவாக்கி வேறு உப்போடு கலந்து சுட்ட பீங்கான். அதனால்தான் கீழே போட்டால் உடைகிறது. பழைய ஸ்பீக்கரைப் பிரித்து நாமெல்லாம் எடுத்த அந்தக் கறுப்பு வளையமும் இதேதான். ஆற்று மணலில் இழுத்துக் கறுப்புப் பொடி சேர்க்காத பிள்ளை நம் பக்கத்தில் யாரும் இருந்திருக்க முடியாது.

ஓட்டுவது பற்றி இவ்வளவு போதும். பிடிக்கிற காந்தத்துக்கு வருவோம். ராஜபாளையத்தில் இதற்கு நல்ல உதாரணம் உங்கள் மில்களிலேயே இருக்கிறது. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமில், பஞ்சு குழாய் வழியாகப் பறந்து போகும்போது வழியில் காந்தம் வைத்திருப்பார்கள். பேல் கட்டிய இரும்புப் பட்டையின் துணுக்கு, ஆணி, எதுவாக இருந்தாலும் அது பிடித்து நிறுத்திவிடும். இல்லையென்றால் அந்த இரும்பு உள்ளே போய் உரசி, ஒரு பொறி தெறித்து, பஞ்சு பற்றிக்கொள்ளும். அந்தக் காந்தம் எதையும் ஓட்டுவதில்லை. ஆனால் அது இல்லாமல் மில் ஓடாது.

பொம்மையில் காந்தம் முதலில் பிடிப்பது ரயில் பெட்டிகளை. பொதிகை எக்ஸ்பிரஸ் மாதிரி ஒரு மர ரயில் செய்கிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு பெட்டியின் இரு முனையிலும் ஒரு காந்தம் பதித்தால், தொட்டதும் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் பிரியும். கொக்கி மாட்டத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளைக்கும் இது கை வரும். சிக்கல் எங்கே என்றால், முன்முனையில் வட துருவமும் பின்முனையில் தென் துருவமும் வெளியே பார்க்கும்படி வைத்தால்தான் பெட்டிகள் சேரும். பிள்ளை ஒரு பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டால் வடக்கும் வடக்கும் முகம் பார்க்கும். பெட்டி விலகி ஓடும். சில பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. சில பிள்ளைகள் அழுதுவிடும்.

இதற்குத் தீர்வு இரண்டு மூன்று உண்டு. எனக்குப் பிடித்தது இது. உருளை வடிவக் காந்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் காந்தமேற்றியது வேண்டாம், விட்டத்தின் குறுக்கே காந்தமேற்றியதாகப் பார்த்து வாங்குங்கள். அதாவது அதன் ஒரு பக்க வளைவு முழுதும் வடக்கு, எதிர்ப்பக்கம் தெற்கு. அதைப் பெட்டி முனையில் செங்குத்தாக எடுத்த துளைக்குள் இறுக்காமல் தளர்வாக விடுங்கள். மேலே மூடி போட்டுவிடுங்கள். அடுத்த பெட்டி எந்தப் பக்கமாக வந்தாலும், துளைக்குள் இரு காந்தங்களும் தாமே சுழன்று, பொருந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கிட்டக் கொண்டுபோகும்போது உள்ளே 'டிக்' என்று புரளும் சத்தம் கேட்கும். ஒட்டக் கூடாது, விடவும் கூடாது என்ற அந்தத் தளர்வில்தான் இணைப்பின் முழு வேலையும் நடக்கிறது. ஆசாரி வேலை தெரிந்தவர்களுக்கு அது கைப்பழக்கம். எனக்கு வராது.

அடுத்தது தரையைப் பிடிக்கும் காந்தம். 1970களில் அமெரிக்காவில் பள்ளத்தில் ஓடும் பந்தய கார் பொம்மைகளின் அடியில் காந்தம் வைத்தார்கள். பாதையில் பதித்த இரும்புத் தண்டவாளத்தை அது கீழ்நோக்கி இழுத்துப் பிடித்ததால், வளைவில் கார் வெளியே பறப்பது குறைந்தது. நம் வீட்டில் அந்தப் பாதை இல்லை, ஆனால் பீரோ இருக்கிறது. பீரோ கதவில் செங்குத்தாக ஏறும் கார் செய்யலாம். இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் 60 கிராம் என்று வைப்போம். கதவில் அது சறுக்காமல் நிற்க, ரப்பர் சக்கரத்தின் உராய்வு 60 கிராம் எடையைத் தாங்க வேண்டும். பெயின்ட் அடித்த இரும்பில் ரப்பரின் உராய்வு, அழுத்தும் விசையில் பாதி என்று கொண்டால், காந்தம் குறைந்தது 120 கிராம் எடைக்குச் சமமாகக் காரைக் கதவோடு அழுத்த வேண்டும். ஆனால் மோட்டார் பின்சக்கரத்தை மட்டும்தான் சுற்றுகிறது. இழுப்பில் பாதி முன்சக்கரத்துக்குப் போய்விட்டால், பின்சக்கரத்துக்கு 120 கிராம் கிடைக்க மொத்தம் 240 கிராம் தேவை. ஆகவே காந்தம் பின்சக்கரத்தின் பக்கம் இருக்கட்டும். அப்படிச் செய்து ஏற்றினால் கார் ஒரு சாண் ஏறும், பிறகு மூக்கு கதவை விட்டு விலகி மல்லாந்து விழும். ஏன்? காரின் எடை கதவிலிருந்து ஒரு விரற்கடை தள்ளித் தொங்குகிறது. அது காரை வெளிப்பக்கம் கவிழ்க்கப் பார்க்கிறது. அதைத் தடுக்க மூக்கில் ஒரு சின்னக் காந்தம் வேண்டும். பின்காந்தம் ஏறுவதற்கு, முன்காந்தம் கவிழாமலிருப்பதற்கு. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

காந்தம் கதவைத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் சக்கரத்தின் மேல் விழ வேண்டிய அழுத்தம் காந்தத்தின் மேல் விழுந்து, அதுவே பிரேக்காகிவிடும். இடைவெளி வேண்டும், மிகச் சிறிதாக. தூரம் கூடக் கூட இழுப்பு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, அளந்தே பார்க்க வேண்டும். கொக்கித் தராசில் காந்தத்தை மாட்டி, பீரோ கதவுக்கும் அதற்கும் நடுவே ஜெராக்ஸ் தாளை ஒவ்வொன்றாகச் செருகி, எப்போது பிய்த்துக்கொள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்துத் தாள் சேர்ந்தால் சுமார் 1 மில்லிமீட்டர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வரைபடத் தாளில் வளைகோடு போட இதைவிடச் சுவையான பாடம் நான் பார்த்ததில்லை.

இப்போது மறிக்கிற காந்தம். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

மேசையில் ஒரு மரப் பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். அடியில் காந்தம் ஒட்டிய இந்தக் கார் சரசரவென்று ஓடி விழுகிறது. இப்போது பலகையின் மேல் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை விரிக்கிறேன். ஜன்னல் வேலை செய்கிற பட்டறையில் வாங்கிய துண்டு. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, பாருங்கள், வைத்தால் வழுக்குகிறது. அதே கார், அதே சாய்வு. மெல்ல நகர்ந்து வருகிறது. பின்வரிசையில் இருப்பவர்கள் நூல் கட்டியிருப்பதாக நினைக்க வேண்டாம். அப்புறம் வந்து தடவிப் பாருங்கள்.

நகரும் காந்தம், தனக்கு அடியில் இருக்கும் உலோகத்தில் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. ஒவ்வொரு சுழலும் ஒரு குட்டிக் காந்தமாகி, தன்னை எழுப்பிய நகர்வையே எதிர்க்கிறது. எதிர்க்கும் என்ற விதியை 1834இல் வகுத்தவர் ரஷ்யப் பேரரசில் வாழ்ந்த ஹைன்ரிக் லென்ஸ். இதே தகட்டின் இன்னொரு துண்டில் நெருக்கமாக ரம்பத்தால் குறுக்கு வெட்டுகள் போட்டு வைத்திருக்கிறேன். அதில் விட்டால் கார் கிட்டத்தட்டப் பழைய வேகத்துக்கே போய்விடுகிறது. சுழல்வதற்கு இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் இரும்பை மெல்லிய தகடுகளாக அடுக்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இந்தப் பிரேக்கை நீங்கள் பல வருஷம் வீட்டில் வைத்திருந்தீர்கள். பழைய ஈ.பி. மீட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தட்டு சுற்றுமே, அதன் விளிம்பைக் கவ்வியபடி ஒரு காந்தம் இருக்கும். அந்தக் காந்தம் தடுக்காவிட்டால் தட்டு கட்டுக்கடங்காமல் சுற்றும். கரன்ட் பில்லும் சேர்ந்து சுற்றும்.

இந்தத் தடையின் குணம் ஒன்றைக் கவனியுங்கள். வேகம் கூடினால் தடையும் கூடும். வேகம் குறைந்தால் குறையும். வண்டி நின்றால் தடையே இல்லை. அதனால் சாய்வில் இது வண்டியை முழுக்க நிறுத்தாது, மெதுவாக்கும். தேருக்கு இது உதவாது. அங்கே கட்டை வைத்தால் தேர் நின்றாக வேண்டும். ஆனால் இதே குணம் கச்சிதமாகப் பொருந்துகிற ஒரு வண்டி நம்மிடம் இருக்கிறது: நடைவண்டி.

பட்டினப்பாலைக் குழந்தையின் தேருக்கும் மூன்று சக்கரம், நடைவண்டிக்கும் மூன்று சக்கரம். மண் தரையிலும் சிமென்ட் தரையிலும் அது அடக்கமாக உருண்டது. இப்போது வீடெல்லாம் டைல்ஸ், கிரானைட். குழந்தை ஓரடி வைத்தால் வண்டி மூன்றடி ஓடுகிறது, பிள்ளை முகம் குப்புற விழுகிறது. அதற்காகச் சக்கரத்தில் துணி சுற்றுவார்கள். துணியின் உராய்வு எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி. வண்டி ஓடும்போது தடுக்கும் அதே அளவுக்கு முதல் தள்ளுதலையும் தடுக்கும். நடக்கப் பழகும் பிள்ளைக்கு வண்டியை அசைக்கவே வலு இருக்காது. நமக்குத் தேவை, மெல்லத் தள்ளினால் வழிவிட்டு, ஓடினால் மட்டும் மறிக்கிற ஒன்று.

பின்சக்கரங்களின் உட்பக்கம் ஓர் அலுமினிய வட்டத் தட்டு; சக்கரத்தோடு சேர்ந்து சுற்றட்டும். வண்டியின் கட்டையில், தட்டின் இரு பக்கமும் எதிரெதிராகக் காந்த ஜோடிகள். பின்னால் இரும்புப் பட்டை, காந்தப்புலம் வெளியே கசியாமலிருக்க. தடை காந்தப்புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஸ்பீக்கர் காந்தம் இங்கே எடுபடாது: மூன்றில் ஒரு பங்கு புலம் என்றால், ஒன்பதில் ஒரு பங்கு தடைதான் கிடைக்கும். நியோடிமியம் காந்தம் வேண்டும். நாலைந்து ஜோடி, தட்டின் விளிம்புக்குப் பக்கத்தில், 3 மில்லிமீட்டர் தட்டு என்று கணக்குப் போட்டால், வண்டி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும்போது சில நூறு கிராம் எடைக்குச் சமமான தடை வரும். குழந்தை தள்ளும் வலுவோடு ஒப்பிட்டால் அது கணிசம். நடை வேகத்தில், அதில் நாலில் ஒரு பங்கு. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இங்கேயோ நடைவண்டி செய்யும் ஆசாரி ஒருவரும் பாலிடெக்னிக் மாணவர் இருவரும் உட்கார்ந்தால் செய்து பார்த்துவிடக்கூடிய வேலை இது.

ஆனால் இங்கேதான் கண்ணனின் கால் வருகிறது: உதைத்து உடைத்த வண்டியிலிருந்து காந்தம் கழன்று வரலாம்.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் க்ரோட்டும் தனித்தனியே உருவாக்கிய நியோடிமியம் காந்தம், பொம்மை செய்பவர்களுக்குப் பெரிய வரம். ஒரு மிளகு அளவுத் துண்டு செய்கிற வேலையைப் பார்த்தால் வாயடைத்துப்போகும். அந்த மிளகு அளவுதான் ஆபத்தும். குழந்தை ஒன்றை விழுங்கினால் பெரும்பாலும் அது வெளியே போய்விடும். இரண்டை விழுங்கினால், அல்லது காலையில் ஒன்று மாலையில் ஒன்று விழுங்கினால், குடலின் இரு வேறு மடிப்புகளிலிருந்து அவை ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்கின்றன. நடுவில் சிக்கிய குடல் சுவருக்கு ரத்தம் போகாது. ஓட்டை விழும். வெளியே பார்த்தால் வயிற்றுவலி, வாந்தி, சாதாரணமாகத் தெரியும். 2006இல் அமெரிக்காவில் காந்தக் கட்டுமானப் பொம்மைகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். ஒரு குழந்தை இறந்த பிறகு. 2007 ஆகஸ்டில் மேட்டல் நிறுவனம் காந்தம் கழன்று வரும் பொம்மைகள் சுமார் 1.8 கோடியைத் திரும்ப அழைத்தது. காந்தம் விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். நேரே எக்ஸ்ரே இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள்.

நம் நாட்டிலும் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஐ.எஸ். 9873 என்ற தரநிலையில் காந்தத்துக்குத் தனி விதி இருக்கிறது: விழுங்கக்கூடிய அளவில் இருக்கும் வலுவான காந்தம் பொம்மையிலிருந்து தனியாகக் கழன்று வரக் கூடாது. கீழே போட்டு, முறுக்கி, இழுத்துச் சோதித்த பிறகும் வரக் கூடாது. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் குடலுக்குப் பதிவுச் சான்றிதழ் படிக்கத் தெரியாது. எனவே பசையை மட்டும் நம்பி நடைவண்டியில் காந்தம் வைக்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. மரத்தில் குழி எடுத்து, காந்தத்தை உள்ளே இறக்கி, மேலே இரும்புப் பட்டையைத் திருகாணியால் முடுக்க வேண்டும். வண்டியே இரண்டாகப் பிளந்தாலும் காந்தம் பட்டையோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நல்லவேளையாக, காந்தத்துக்கு இரும்பின் மேல் இருக்கும் ஆசை இங்கே நமக்குத் துணை.

மிதக்கும் வண்டி பற்றி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். ஜப்பானில் 2015 ஏப்ரலில் காந்த ரயில் மணிக்கு 603 கிலோமீட்டர் ஓடியது. அதை அட்டைப் பெட்டியில் செய்ய முடியாதா என்று. அறிவியல் பொம்மைகள் செய்து காட்டும் அரவிந்த் குப்தாவின் மிதக்கும் பென்சிலைப் பார்த்திருப்பீர்கள். வளையக் காந்தங்கள் மாட்டிய பென்சில், கீழே பதித்த காந்தங்களின் மேல் அந்தரத்தில் சுற்றும். ஆனால் பென்சில் முனை பக்கத்தில் ஒரு தடுப்பைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். அதை எடுத்துவிட்டால் பென்சில் எகிறிவிடும். நிலையான காந்தங்களை மட்டும் வைத்து எதையும் எதிலும் தொடாமல் நிலையாக மிதக்க வைக்க முடியாது என்று 1842இலேயே சாமுவேல் எர்ன்ஷா நிறுவிவிட்டார். ஆகவே மிதக்கும் கார் செய்பவர்கள் பாதையின் இரு பக்கமும் வழுவழுப்பான சுவர் கட்டிவிடுங்கள். அதை மோசடி என்று நடுவர் சொன்னால் எர்ன்ஷா பெயரைச் சொல்லுங்கள்.

இந்தக் காந்தமெல்லாம் எங்கிருந்து வருகிறது? நியோடிமியம் அடங்கிய மோனசைட் நமக்குத் தெற்கே, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை மணலில் இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதைக் கண்டுகொண்டார். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஆலை இருக்கிறது. மணல் நம்மிடம், காந்தம் செய்யும் தொழில் பெரும்பாலும் சீனாவிடம். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் இங்கே கார், ஸ்கூட்டர் ஆலைகள் திண்டாடின. அந்த நவம்பரில் மத்திய அமைச்சரவை உள்நாட்டிலேயே காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அது வந்து சேரும் வரை பிள்ளைகளுக்குப் பழைய இரும்புக் கடைதான் சுரங்கம். கெட்டுப்போன கணினி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வளைந்த நியோடிமியம் துண்டு இரண்டு இருக்கும். திருப்புளியால் நெம்பும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது சில்லாகத் தெறிக்கும். ஸ்பீக்கரில் ஃபெரைட். உடைந்த இயர்போனில் மணி அளவில் ஒன்று கிடைக்கும். அதைச் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு எடுத்துப்போகவே வேண்டாம்.

இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். சாய்வுப் பலகையும் தகடுகளும் சுழலும் காந்தம் வைத்த ரயில் பெட்டிகளும் இந்த மேசையிலேயே இருக்கும். வரிசையாக வந்து கையில் எடுத்துப் பாருங்கள். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். காந்தங்களை எண்ணித்தான் எடுத்து வைத்திருக்கிறேன். எண்ணித்தான் திரும்ப வாங்குவேன். கணக்கு ஒன்று குறைந்தாலும் அரங்கத்தின் கதவைத் திறக்கச் சொல்ல மாட்டேன்.